காலில் நீர் கோத்தால்...

பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே ஓடிய பிறகு, ஆசிரியர்கள் அறையில் தினந்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். எங்களில் மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, எதிரே ஒரு பெஞ்சியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன்மேல் கால்களை நீட்டியிருப்பார்கள். காலையில் தாராளமாக இருந்த செருப்பின் வார், மாலையில் பாதத்தில் அழுத்தமாகத் தடம் பதித்திருக்கும். கணுக்கால் எலும்பு இருந்த இடம் தெரியாமல் மெத்தென்று மூடியிருக்கும். “நாள் முழுவதும் நின்றால் வராமல் என்ன செய்யும்?” என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு, அரை மணி கழித்து எழுந்து பஸ்ஸுக்குப் போவார்கள். நானும் இருபது வருஷங்களாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவள்தான். அந்தப் பெஞ்சியில் எனக்கும் ஓர் இடம் உண்டு.

அந்தச் சமாதானம் பெரும்பாலும் உண்மையே. ஆனால் எப்போதும் உண்மையன்று என்பதை என் மாமியாரின் பாதங்கள் எனக்குப் போதித்தன. அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த சம்பளம் அதிகம். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கால் ஏன் வீங்குகிறது என்பதைப் பார்ப்போம்.

இருதயம் தள்ளிவிடும் ரத்தம் தமனிகளின் வழியாகப் பாதம் வரையில் எளிதாக இறங்கிவிடுகிறது. இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். நாலடி உயரத்துக்கு அந்த ரத்தம் திரும்ப மேலே ஏறியாக வேண்டும். இதற்காக இயற்கை இரண்டு ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறது. ஒன்று, சிரைகள் என்னும் திரும்பும் குழாய்களுக்குள்ளே அங்கங்கே இருக்கும் சிறு கதவுகள். மேலே போகிற ரத்தத்துக்கு வழி விட்டு, கீழே வழியப் பார்த்தால் அவை மூடிக்கொள்ளும். அந்தக் கதவுகளை மற்றவர்களும் கண்டிருந்தார்கள். அவற்றின் பயன் இன்னதென்று கண்டு, ரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருகிறது என்பதை 1628-ல் புத்தகமாக வெளியிட்டவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர். இரண்டாவது ஏற்பாடு நம்முடைய கெண்டைக்கால் சதை. நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சதை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. ஆகவே, நடக்கிறவனுக்குக் கால் வீங்குவது குறைவு. நின்ற இடத்திலேயே நிற்கும் உபாத்தியாயினி, ஜவுளிக் கடைச் சிப்பந்தி, போக்குவரத்துப் போலீஸ்காரர், எட்டு மணி நேரம் கணினிக்கு முன்னால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வரும் பிரயாணி ஆகிய இவர்கள் எல்லோருடைய காலிலும் அந்தப் பம்பு வேலை செய்வதில்லை.

பம்பு நின்றால், மெல்லிய குழாய்களில் அழுத்தம் கூடி, ரத்தத்திலுள்ள நீர் சுற்றிலும் இருக்கும் தசையில் கசிகிறது. கசிந்த நீரைத் திரும்பக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வேலை ரத்தத்தில் மிதக்கும் அல்புமின் என்ற புரதத்தினுடையது. வெளியே தள்ளும் அழுத்தத்துக்கும் உள்ளே இழுக்கும் புரதத்துக்கும் இடையே நடக்கும் இந்தக் கயிறிழுப்பை 1896-ல் ஸ்டார்லிங் என்பவர் விளக்கினார். மீந்துபோகும் நீரை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டு போய்ச் சேர்க்கின்றன. ஆகக் கால் வீங்கினால் குறை எங்கே இருக்கலாம் என்று இப்போது நீங்களே ஊகித்துவிடலாம். அழுத்தம் மிகுந்திருக்க வேண்டும், அல்லது புரதம் குறைந்திருக்க வேண்டும், அல்லது நிணநீர் வாய்க்கால் அடைபட்டிருக்க வேண்டும், அல்லது குழாயின் சுவரே அழன்று ஒழுக வேண்டும்.

உண்மையாகவே நீர்தானா என்று பார்ப்பதற்குக் கருவி வேண்டாம், கட்டைவிரல் போதும். முழங்காலுக்குக் கீழே முன்புறத்து எலும்பின்மேல், கணுக்காலுக்குச் சற்று உயரே, பத்து விநாடி அழுத்திவிட்டு விரலை எடுங்கள். பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல் குழி விழுந்து சற்று நேரம் நின்றால் அது நீர்க்கோப்பு. குழி விழாமல் தடித்தே இருந்தால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். நெடுநாளான யானைக்காலும், தைராய்டு சுரப்பி மந்தப்பட்டதால் வரும் தடிப்பும் அந்த வகையைச் சேர்ந்தவை.

நின்றதனால் வந்த வீக்கத்துக்கு அடையாளம் என்னவென்றால், அது இரண்டு கால்களிலும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், மாலையில் வரும், இரவு படுத்துக் காலையில் எழுந்தால் போயிருக்கும். வெயில் காலத்தில் கொஞ்சம் அதிகம். இதற்கு வைத்தியம் வீட்டிலேயே உண்டு, செலவும் இல்லை. பாயிலோ கட்டிலிலோ மல்லாந்து படுத்து, கால்கள் இருதயத்தைவிட உயரமாக இருக்கும்படி இரண்டு தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் கால்களை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் இருக்க வேண்டும். எங்கள் பெஞ்சி வைத்தியம் அரை வைத்தியந்தான். உட்கார்ந்தபடி காலை நீட்டினால் அது இடுப்பு உயரத்துக்கு மேல் போவதில்லை. நின்றுகொண்டே பாடம் சொல்கிறவர்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம், வகுப்பைச் சுற்றி நடக்கலாம். (பின்வரிசையில் தூங்குகிற பையனுக்கும் அது நல்லது.) பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கலாம். இறுகிய நாடாவும் இறுகிய காலுறையும் ஆகா. செருப்பு வாங்கப் போகிறவர்கள் மாலையிலே போவது புத்திசாலித்தனம். காலையில் அளவெடுத்த செருப்பு மாலையில் கடிக்கும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு இருக்குமிடத்தில் நீர் நிற்கும். இது உடம்புக்கும் பொருந்தும். நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. குழம்பில் போடுகிற உப்பை மட்டும் கணக்கிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர் ஆகியவற்றின் கணக்கை மறந்துவிடுகிறார்கள். தயிர்சாதத்துக்கு வடுமாங்காய் இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை என்ற கட்சியைச் சேர்ந்தவள் நானும். ஆனாலும் உண்மை உண்மைதான்.

கெண்டைக்காலில் நீல நிறத்தில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருப்பவர்களுக்கு, மேலே சொன்ன சிறு கதவுகள் பழுதாகிவிட்டன என்று அர்த்தம். இவர்களுக்கு வைத்தியர்கள் இறுக்கமான ஒரு தினுசுக் காலுறையைச் சிபாரிசு செய்வார்கள். அதைக் காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே, வீக்கம் வருவதற்குள், போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கடையில் கண்டதை வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. நீரிழிவினாலோ புகைபிடிப்பதாலோ தமனி சுருங்கியவர்களுக்கு இந்தக் காலுறை உள்ள ரத்த ஓட்டத்தையும் நெரித்துவிடும். முதலில் வைத்தியர் பாதத்தில் நாடி பார்த்துச் சொல்லட்டும்.

இனி மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அப்போது அவருக்கு வயது 71. விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் காப்பி சாப்பிடுவார். ஒரு கார்த்திகை மாதத்தில் அவருடைய கால்விரல் மெட்டி இறுகியது. எண்ணெய் தடவியும் வரவில்லை; தட்டானைக் கூப்பிட்டு வெட்டி எடுத்தோம். “வயசானால் கால் கனக்கத்தான் செய்யும்” என்றார் அவர். நாங்களும் அப்படியே நினைத்தோம். தவிட்டு ஒத்தடம் கொடுத்தோம். வாற்கோதுமைக் கஞ்சி வைத்துக் கொடுத்தோம். மூக்கிரட்டைக் கீரையைத் தேடிப் பறித்து வந்து கூட்டுச் செய்தோம். வீக்கம் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. மூன்று வாரம் கஞ்சி குடித்தாயிற்று.

இந்த மூன்று வாரத்தில் வீட்டில் வேறு சில மாறுதல்களும் நேர்ந்தன. கோலத்தின் புள்ளிகள் குறைந்தன. மாடிக்குத் துணி உலர்த்தப் போவதை நிறுத்திவிட்டு வேலைக்காரப் பெண்ணை அனுப்பினார். இரவில் ஒரு வறட்டு இருமல். மார்கழிப் பனி என்று சொல்லி மிளகுப் பால் கொடுத்தேன். ஒற்றைத் தலையணைகூட வேண்டாம் என்று மணைக்கட்டையில் தலை வைத்துப் படுக்கிறவர், என் பிள்ளையின் தலையணையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு இன்னொன்றும் கேட்டார். இவை ஒவ்வொன்றும் என் கண்ணெதிரே நடந்தவை. ஒன்றையொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் பி.ஏ. பட்டம் பெற்றவள், பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள்.

ஒரு நாள் பின்னிரவில் அவர் கட்டிலைவிட்டு எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறி நின்றார். வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இருந்த டாக்டர் பெண் இளையவள். என்னிடம் படித்த பெண்களின் வயதுதான் இருக்கும். காலை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, கழுத்துச் சிரையை உற்றுப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

“பாட்டி ராத்திரியில் எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறார்கள்?”

“மூன்று” என்றேன்.

“எப்போதிலிருந்து?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இருதயம் பலவீனமாகி, வருகிற ரத்தத்தை வாங்கித் தள்ள முடியாமற்போனால், அது பின்னால் தேங்குகிறது. பகலில் தேக்கம் காலில் தெரியும். இரவில் சமதளமாகப் படுத்ததும் காலிலுள்ள நீர் திரும்ப ரத்தத்தில் ஏறி, ஏற்கெனவே நெரிசல்பட்ட நுரையீரலில் தங்கிவிடும். அதனால்தான் இருமல், அதனால்தான் தலையணை. உடம்பு முழுவதுக்குமான இந்த நீர்க்கோப்பில், காலில் குழி விழும் நிலைக்கு வருவதற்குள்ளேயே இரண்டு மூன்று லிட்டர் நீர் சேர்ந்துவிட்டிருக்கும் என்கிறார்கள். நாங்கள் அதற்குமேல் நாள்தோறும் இரண்டு செம்பு கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தோம்!

ஊசியும் மாத்திரையுமாக ஒன்பது நாளில் அவருடைய எடை ஆறு கிலோ குறைந்தது. குறைந்த அவ்வளவும் நீர்.

ஆகவே, கால் வீக்கத்தோடு மாடிப்படி ஏறினால் இளைப்பு, படுத்தால் மூச்சுமுட்டு, இரவு இருமல், நாலைந்து நாளில் எடை கூடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

சிறுநீரகத்தால் வருகிற வீக்கத்துக்கு வேறு முகம் உண்டு. முகமேதான்! காலையில் எழுந்ததும் கண்ணிமைகள் உப்பியிருக்கும். பகல் ஏறினால் முகம் வடிந்து காலில் இறங்கும். சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைத்து அடங்காமல் நிற்கும். ரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் சிறுநீரில் போய்விடுவதன் அடையாளம் இது. 1827-ல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டினார். அது முட்டை வெண்கருவைப்போல் திரிந்தது. அத்தகையவர்கள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் கெட்டிருந்தது. இப்போது அதே பரிசோதனையைச் சின்னஞ்சிறு காகிதப் பட்டையைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். ஈரல் கெட்டவர்களுக்கு வயிறு முதலில் பெருக்கும், கண்ணில் மஞ்சள் தெரியும், பிறகு கால் வீங்கும். நம் முன்னோர் மகோதரம் என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான்.

சாப்பாட்டுக் குறையாலும் கால் வீங்கும் என்பதற்கு நம் மாகாணத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. பெரிபெரி என்ற நோயில், தவிட்டிலுள்ள பி-1 வைட்டமின் இல்லாமல் இருதயம் தளர்ந்து கால் வீங்கும். மில்லில் பளபளவென்று தீட்டிய பச்சரிசியை உண்ட பழைய சென்னை மாகாணத்தின் வட கோடியில், தெலுங்கு ஜில்லாக்களில், அது உலாவிற்று. புழுங்கலரிசி உண்ட தென் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து உமிக்கடியிலிருந்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. எந்தப் பாட்டி கண்டுபிடித்தாளோ! இக்காலத்தில் இந்த நோயை முக்கியமாகக் குடிகாரர்களிடம் பார்க்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் கால் வீங்குவது சகஜம். இடது பக்கமாகப் படுப்பதும் காலை உயர்த்தி வைப்பதும் போதுமானவை. ஆனால் எங்கள் பள்ளியிலேயே ஓர் இளம் ஆசிரியை, வளைகாப்பு நடந்து இரண்டு வாரத்தில், “வளையலெல்லாம் மணிக்கட்டில் நகரவில்லை அக்கா. நேற்றிலிருந்து மண்டையிடி, கண்ணில் பூச்சி பறக்கிறது” என்றாள். அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டிய பீரியட் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு அவளைத் தலைமையாசிரியரின் அநுமதியோடு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். (தலையணைப் பாடத்துக்குப் பிற்பாடு நடந்தது இது.) ரத்த அழுத்தம் 160-க்கு 110 இருந்தது. ஐந்தாம் மாதத்துக்கு மேல் அழுத்தம் 140-க்கு 90 ஆகவோ அதற்கு மேலோ போனால் வைத்தியர்கள் விழித்துக்கொள்வார்கள். பாதத்தோடு நில்லாமல் கையும் முகமும் திடீரென்று உப்புவது, தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி இவை தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்கலாகாது. வலிப்புக் கண்டு தாயும் சேயும் போய்விடக்கூடிய நிலை அது. அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை நாளாவதற்கு முன்பே பிறந்தது. இப்போது எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் இருக்கிறது, ரொம்ப விஷமம்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் அது தனி அத்தியாயம். நீண்ட பிரயாணம், அறுவைச் சிகிச்சை, பிரசவம், பல நாள் படுக்கை இவற்றுக்குப் பிறகு ஒரே கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால், உள்ளே ஆழ்ந்த சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை எண்ணெய் தேய்த்து உருவிவிடவே கூடாது. கட்டி பெயர்ந்து போய் நுரையீரலில் அடைத்துக்கொண்டால் பிராணாபாயம். ஜுரத்தோடு கால் சிவந்து தடித்தால் தோலுக்கடியில் கிருமி புகுந்திருக்கிறது. இரண்டும் அன்றைக்கன்றே கவனிக்க வேண்டியவை.

யானைக்காலைப் பற்றிக் கும்பகோணத்துப் பக்கத்தில் வசிக்கிற நான் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு அந்த அவப்பெயர் வெகு காலமாக இருக்கிறது. குடிதண்ணீரால் வருகிறது என்று பெண் கொடுக்கத் தயங்கியவர்கள்கூட உண்டு. தண்ணீருக்கு அதில் குற்றமில்லை, அதில் உற்பத்தியாகும் கொசுவே குற்றவாளி. அந்தக் கொசுவின் மூலம் நூல் போன்ற புழு உடம்பில் புகுந்து நிணநீர் வாய்க்காலில் குடியேறுகிறது. அதன் நுண்ணிய குஞ்சுகளை 1872-ல் கல்கத்தாவில் மனித ரத்தத்தில் கண்டார் லூயிஸ். அவை கொசுவின் உடம்பில் வளர்வதை 1877-ல் சீனாவில் கண்டார் மேன்ஸன். அண்டை நாடான இலங்கை இந்த நோயைப் பொதுஜனப் பிரச்னை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் ஒப்புக்கொண்டது. நோய் முற்றியவர்களுக்கும் செய்யக்கூடியது நிறைய உண்டு. தினம் இரு வேளை சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி, சிறு வெடிப்புக்கும் மருந்து போட்டு, காலை உயர்த்தி வைத்துக்கொண்டால், அடிக்கடி வரும் குளிர்ஜுரமும் கால் மேலும் பருப்பதும் வெகுவாகக் குறைகின்றன. வெறும் சோப்பும் தண்ணீரும்!

மருந்தே வீக்கத்துக்குக் காரணமாவதும் உண்டு. ரத்தக் கொதிப்புக்கு மிகவும் சாதாரணமாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் என்ற மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் நீர் சேர்க்கும். முழங்கால் வலிக்கென்று கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும், ஸ்டீராய்டு மருந்துகளும் அப்படியே. இதைப் படித்துவிட்டு யாரும் கொதிப்பு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வைத்தியரிடம் காலைக் காட்டினால் அவர் மாத்திரையை மாற்றித் தருவார்.

அடுத்த வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த “நீர் பிரியும் மாத்திரை”யை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. அது உடம்பிலுள்ள பொட்டாசியம் உப்பையும் சேர்த்து வெளியேற்றி இருதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். நேர் எதிராக, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதே பொட்டாசியம் ரத்தத்தில் மிகுந்துவிடும். அவர்களுக்கு நல்லதென்று நினைத்து நாம் தரும் இளநீர் ஆபத்தாக முடியலாம். ஒத்தடத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நீரிழிவுக்காரர்களின் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். காய்ந்த செங்கல்லும் வெந்நீரும் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி விரலை இழந்தவர்கள் உண்டு. அவர்களுக்குச் சூட்டு ஒத்தடமே வேண்டாம்.

மூக்கிரட்டைக் கீரையை நான் கைவிட்டுவிடவில்லை. நல்ல கீரை, பருப்புப் போட்டுக் கூட்டுச் செய்தால் ருசியாகவும் இருக்கும். அதைக் கீரையாக மட்டும் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு என் மாமியார் நாலரை வருஷம் இருந்தார். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். தினமும் காலையில், பல் தேய்த்துக் கழிப்பிடம் போய்விட்டு வந்து, காப்பிக்கு முன்னால் அதன்மேல் ஏறி நிற்பார். நான் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரிக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு தடவை அப்படி ஏறியது. இரண்டு தடவையும் மாத்திரையின் அளவைக் கூட்டி, ஆஸ்பத்திரிப் படுக்கை இல்லாமலே சமாளித்தோம். அதில் ஒரு தடவைக்குக் காரணம், பரண்மேல் நான் ஒளித்து வைத்திருந்த வடுமாங்காய் ஜாடி. ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தவன் என் பிள்ளை.